டிராம் நிறுத்த வடிவமைப்பும் பேருந்துகளுடன் சாலைப் பகிர்வும்

டிராம் என்பது பொதுச் சாலையின் பரப்போடு பரப்பாகப் பதிக்கப்பட்ட தண்டவாளத்தில் ஓடும் பயணிகள் வண்டி. தண்டவாளம் சாலைக்குள் அமிழ்ந்திருப்பதால் தமிழில் இதற்கு 'அமிழ் தண்டூர்தி' என்றும் ஒரு கலைச்சொல் உண்டு. பேச்சு வழக்கில் 'டிராம் வண்டி' என்பதே நிலைத்துவிட்டது. ஆயினும் அந்தக் கலைச்சொல் டிராமின் அடிப்படைச் சிக்கலைச் சரியாகச் சொல்கிறது. தொடர்வண்டிக்குத் தனிப் பாதை உண்டு. டிராமுக்கு அது இல்லை. பேருந்து, கார், ஆட்டோ, மிதிவண்டி, நடந்து செல்பவர் என எல்லோரும் பயன்படுத்தும் தரையில்தான் அதுவும் செல்ல வேண்டும். ஆகவே, வண்டி எங்கே நிற்கும், பயணி எங்கே காத்திருப்பார், எதன்மீது கால் வைத்து ஏறுவார், பின்னால் வரும் பேருந்து என்ன செய்யும் என்ற கேள்விகள் டிராம் திட்டம் ஒவ்வொன்றிலும் எழுகின்றன. இக்கேள்விகளையும் அவற்றுக்குப் பல ஊர்களில் கண்ட விடைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. புரிதலுக்காகச் சென்னையின் திருவான்மியூர்ப் பகுதி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. திருவான்மியூருக்கு டிராம் ஓடியதில்லை; ஆனால் பேருந்து நிலையம், பறக்கும் ரயில், கட்டப்பட்டு வரும் மெட்ரோ, நெரிசலான கடைத்தெரு, பழைய கோயில் ஆகிய அனைத்தும் அருகருகே இருப்பதால் பாடத்துக்கு ஏற்ற இடம் அது.

சென்னையில் ஓடிய டிராம்

இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதலில் ஓடிய நகரம் சென்னை. 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இச்சேவை தொடங்கியது. முதலில் மேலே கம்பி கிடையாது. சாலைக்கு அடியில் ஒரு குழாய்வழி அமைத்து, அதன் பிளவு வழியாக வண்டி மின்சாரம் பெறும் முறை கையாளப்பட்டது. சென்னையின் பருவமழை அந்த முறையை நீடிக்கவிடவில்லை. தண்ணீர் புகுந்த குழாய்வழி கைவிடப்பட்டு, மேல்நிலைக் கம்பி முறை வந்தது. நகரத்தின் மழையை எண்ணிப் பார்க்காத பொறியியல் முதல் சில ஆண்டுகளிலேயே தோற்றது என்பது இன்றைய திட்டமிடுவோரும் நினைவில் கொள்ளத்தக்கது.

1921 அளவில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் இருந்தன. துறைமுகப் பகுதி, பாரிமுனை, மவுண்ட் ரோடு, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஆகியவை டிராம் கண்ட இடங்கள். தெற்கே அடையாற்றுக்கு அப்பால் அது வரவில்லை. அன்று திருவான்மியூர் நகர எல்லைக்கு வெளியே இருந்த சிற்றூர்.

அக்காலத்து டிராம்களுக்கு இன்று நாம் நினைக்கும் பொருளில் நிறுத்தம் என்று ஒன்று கட்டப்படவில்லை. வண்டி சாலையின் நடுவில் நிற்கும். பயணி ஓரத்திலிருந்து சாலையில் இறங்கி நடந்து, கால்படியில் தொற்றி ஏறுவார். மாட்டு வண்டியும் ஜட்காவும் மட்டும் இருந்தவரை இது பெரிய ஆபத்தாகத் தோன்றவில்லை. மோட்டார் வண்டிகள் பெருகியதும் நிலை மாறியது. 1947-48இல் நகரப் பேருந்துகள் அரசின் கைக்கு வந்தன. பேருந்து ஓரத்தில் வந்து ஆளை ஏற்றிக்கொள்ளும். வழியில் தடை இருந்தால் விலகிச் செல்லும். டிராமால் இரண்டும் முடியாது. நட்டத்தில் மூழ்கிய டிராம் நிறுவனம், இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1953 ஏப்ரல் 12இல் சேவையை நிறுத்தியது. அதன் வீழ்ச்சிக்குப் பணமுடையே முதற்காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனாலும் நடுச்சாலையில் ஆளை இறக்கிவிடும் வண்டிக்கும் ஓரத்தில் நிற்கும் பேருந்துக்கும் இடையே பயணி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நிறுத்தம் ஓரத்திலா, நடுவிலா?

டிராம் தண்டவாளத்தைச் சாலையின் இரு ஓரங்களில் பதிக்கலாம், நடுவிலும் பதிக்கலாம். ஓரத்தில் பதித்தால் நடைபாதையே நிறுத்த மேடை ஆகிவிடும். யாரும் சாலையைக் கடந்து ஏற வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஊர்ச் சாலையின் ஓரம் யாருடையது? சரக்கு இறக்கும் வண்டி, நிறுத்திவைத்த கார், காத்திருக்கும் ஆட்டோ, இளநீர்க்கடை, பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பும் வாகனம் எல்லாம் அங்கேதான். பேருந்து இவற்றைச் சுற்றிக்கொண்டு போகும். தண்டவாளத்தில் ஓடும் வண்டியை ஓர் ஆட்டோ நிறுத்திவிட முடியும். இதனால்தான் உலகின் பெரும்பாலான நகரங்களில் டிராம் நடுச்சாலையில் ஓடுகிறது.

நடுவில் ஓடும்போது பயணிக்கு நடுவிலேயே ஒரு மேடை தேவை. இங்கே வண்டியின் கதவு எந்தப் பக்கம் என்பது முக்கியமாகிறது. இந்தியாவில் வாகனங்கள் இடப்பக்கம் செல்கின்றன. பேருந்தின் கதவும் இடப்பக்கமே உள்ளது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரே மேடை கட்டினால், இரு திசை வண்டிகளும் அதைப் பயன்படுத்தும். இடமும் செலவும் மிச்சம். ஆனால் அந்த மேடை வண்டியின் வலப்பக்கம் அமையும். டிராமுக்கு இருபுறமும் கதவு வைக்கலாம். சாதாரண மாநகரப் பேருந்து அந்த மேடையில் ஆளை ஏற்ற முடியாது. எனவே டிராமும் பேருந்தும் ஒரே மேடையைப் பகிர வேண்டுமென்றால், ஒவ்வொரு திசைக்கும் இடப்பக்கம் தனித்தனி மேடை வேண்டும். 'ஒரு மேடை மிச்சம்' என்று முதல் நாள் வரைபடத்தில் எடுக்கும் முடிவு, பேருந்துகளை நிரந்தரமாக வெளியே தள்ளிவிடும்.

இரண்டு மேடையென்றால் அகலத்துக்கு எங்கே போவது? இதற்கு ஓர் எளிய உத்தி உண்டு. இரண்டையும் எதிரெதிரே வைக்காமல், சந்திப்பின் இரு பக்கங்களிலும் மாற்றி வைப்பது. தெற்கே செல்லும் வண்டிக்குச் சிக்னலைத் தாண்டிய பிறகு மேடை. வடக்கே செல்லும் வண்டிக்கும் அதேபோலச் சிக்னலைத் தாண்டிய பிறகு, அதாவது சந்திப்பின் மறுபுறம், மேடை. சாலையை எந்த இடத்தில் குறுக்காக வெட்டிப் பார்த்தாலும் ஒரு மேடைதான் இருக்கும். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. சிக்னலுக்கு முன்பே மேடை இருந்தால், வண்டி பச்சையில் ஆளை ஏற்றிக்கொண்டிருக்கும். புறப்படத் தயாராகும்போது சிவப்பு விழும். சிக்னலுக்குப் பின் இருந்தால் இந்த இரட்டைக் காத்திருப்பு குறைகிறது.

மாணவர்கள் ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூறடிச் சாலை என்பது சுமார் 30 மீட்டர். டிராமும் பேருந்தும் செல்ல இரு தடங்களுக்கு 7 மீட்டர், ஒரு மேடைக்கு 3 மீட்டர், இருபுறமும் மற்ற வாகனங்களுக்கு இரண்டிரண்டு தடமாக 13 மீட்டர், இரு நடைபாதைகளுக்கு 6 மீட்டர் என்றால் மொத்தம் 29 மீட்டர். பொருந்துகிறது. அறுபதடிச் சாலை 18 மீட்டர்தான். 7 மீட்டர், 3 மீட்டர், இருபுறமும் ஒவ்வொரு தடம் மட்டும் வைத்து 6 மீட்டர். இவை சேர்ந்தே 16 ஆகிவிடும். எஞ்சிய இரண்டு மீட்டரில் இரு நடைபாதைகள், மழைநீர் வடிகால், மின்கம்பம் எல்லாம் அடங்காது. அகலம் குறைந்த சாலையில் நடு மேடை என்ற பேச்சு பெரும்பாலும் நடைபாதையைத் தின்பதில்தான் முடியும்.

அத்தகைய குறுகிய சாலைகளுக்கு ஜெர்மானிய, ஆஸ்திரிய நகரங்கள் வேறு வழி கண்டன. மேடை கட்டாமல், டிராம் வந்து நிற்கும்போது பின்னால் வரும் கார்களைச் சிக்னல் மூலம் தடுத்துவிடுவார்கள். பயணிகள் நடைபாதையிலிருந்து சாலையைக் கடந்து ஏறுவார்கள். வண்டி புறப்பட்டதும் கார்களுக்கு வழி திறக்கும். சில விநாடிகளுக்கு மட்டும் அந்தச் சாலைத்துண்டு நிறுத்தமாகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் சட்டமே அப்படி: கதவு திறந்து நிற்கும் டிராமை எந்த வாகனமும் தாண்டக் கூடாது. அங்கே சில தெருக்களில் கார் செல்லும் தடத்தையே மேடை உயரத்துக்கு உயர்த்தியிருக்கிறார்கள். கார் அந்த மேட்டின்மீது ஏறிச் செல்லும், டிராம் நிற்கும்போது அதுவே பயணிகளுக்கு மேடை. ஓட்டுநர்கள் நிற்பார்கள் என்ற உறுதி இருக்கும் இடத்தில் மட்டுமே இம்முறை உயிர்காக்கும். பச்சை விழுமுன் ஹாரன் ஒலிக்கும் சந்திப்புகளுக்கு இதை அப்படியே கொண்டுவருவது ஆபத்தானது.

படியின் உயரம்

நிறுத்த வடிவமைப்பில் அதிகம் பேசப்படாததும், பயணிக்கு அதிகம் பயன்படுவதும் உயரம் பற்றிய கணக்கே. முழங்கால் வலியுள்ள மூதாட்டி, சக்கர நாற்காலியில் வருபவர், கைக்குழந்தையோடு வரும் தாய் ஆகியோருக்கு நகரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைச் சில அங்குலங்கள் தீர்மானிக்கின்றன.

தாழ்தள டிராமின் தளம் தண்டவாளத்துக்கு மேல் 300 முதல் 350 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். மேடையையும் ஏறத்தாழ அதே உயரத்தில் கட்டிவிட்டால், பயணி படியேறாமல் நேராக உள்ளே நடக்கலாம். தண்டவாளம் வண்டியை ஒவ்வொரு முறையும் மேடையிலிருந்து அதே தொலைவில் நிறுத்துவதால் இடைவெளியும் மிகச் சிறிது. பேருந்துக்கு இந்த ஒழுங்கு இல்லை. ஓட்டுநர் கையால் திருப்பி நிறுத்துவதால் சில நேரம் ஒரு சாண், சில நேரம் ஒரு முழம் என இடைவெளி மாறும். மேடை மிக உயரமாக இருந்தால், நெருங்கி வரும் பேருந்தின் முன்மூலை மேடையில் உரசும். வெளிப்பக்கம் திறக்கும் கதவும் தட்டும்.

ஜெர்மனியின் காசல் நகரில் இதற்கு ஒரு தீர்வு உருவானது. மேடை விளிம்புக் கல்லின் அடிப்பகுதியை வளைவாகச் செதுக்கி, டயர் அதில் உரசினாலும் சேதமின்றிச் சறுக்கிக்கொண்டு நேராகும்படி செய்தார்கள். 'காசல் விளிம்புக்கல்' என்றே அது பெயர் பெற்றது. ஓட்டுநர் துணிந்து நெருங்கி நிறுத்த முடிகிறது. டிராமும் பேருந்தும் பகிரும் மேடைகளில் சுமார் 240 மில்லிமீட்டர் உயரம் என்ற நடுவழியை ஜெர்மானிய நகரங்கள் பல கடைப்பிடிக்கின்றன. டிராமுக்குச் சற்றுத் தாழ்வு. பேருந்துக்கு உரசாத உயரம்.

சென்னையில் 2024 முதல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் புதிய தாழ்தளப் பேருந்துகளை ஓட்டுகிறது. 2025 ஜூன் மாதம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் புறப்பட்டன. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம்வரை சென்று பெற்ற மாற்றம் இது. இவற்றின் தளம் சுமார் 400 மில்லிமீட்டர் உயரம்; நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து கொடுக்கும்; கதவருகே மடக்கி வைத்த சாய்தளப் பலகையும் உண்டு. இப்போது ஒரு கணக்கு. பலகையின் நீளம் ஒரு மீட்டர் என்றும், வண்டி 60 மில்லிமீட்டர் தாழ்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பேருந்து நடைபாதையை விட்டு விலகி நடுச்சாலையில் நின்றால், பலகை தரையைத் தொட 340 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். சரிவு ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. சக்கர நாற்காலியைத் தனியாக உருட்டி ஏற்ற முடியாது. அதே பேருந்து 150 மில்லிமீட்டர் உயரமுள்ள நடைபாதையை ஒட்டி நின்றால் 190 மில்லிமீட்டர்தான், ஐந்துக்கு ஒன்று. ஒருவர் பின்னிருந்து தள்ளினால் ஏறலாம். 240 மில்லிமீட்டர் மேடையாக இருந்தால் 100 மில்லிமீட்டர்; பத்துக்கு ஒன்று. கட்டடங்களில் பரிந்துரைக்கப்படும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவுக்கு இது அருகில் வந்துவிடுகிறது. வண்டி மூன்றிலும் ஒன்றுதான். நிறுத்தம் மாறும்போது பயணமே மாறுகிறது. விலையுயர்ந்த தாழ்தளப் பேருந்து வாங்கிவிட்டு நிறுத்தத்தை அப்படியே விடுவது பாதிச் செலவை வீணாக்குவதாகும்.

மேடைக்கு ஏறும் வழியும் இதில் அடங்கும். நடு மேடையின் முனையில் சரிவு, அதற்கு நேராக வரிக்கோடிட்ட கடவை, பார்வையற்றோர் காலால் உணரக்கூடிய புள்ளிக் கற்கள், மேடையில் குறைந்தது ஒரு சக்கர நாற்காலி திரும்பும் அளவு இடம் ஆகியவை இல்லையென்றால், சமதள மேடை எட்டமுடியாத தீவாகிவிடும்.

ஒரே தடத்தில் டிராமும் பேருந்தும்

தண்டவாளம் பதித்த தடத்தில் கற்பாளமோ கான்கிரீட்டோ போட்டு மட்டப்படுத்தினால் பேருந்தும் அதில் செல்லலாம். புல் வளர்த்தால் டிராமுக்கு மட்டுமே ஆகும். பாரிசில் 2006 டிசம்பரில் திறக்கப்பட்ட மூன்றாம் எண் டிராம் வழி, முன்பு பேருந்து ஓடிய நெடுஞ்சாலை வளையத்தில் புல் தடத்தோடு அமைந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் பேருந்து அதில் ஏறாது. எடின்பரோவில் 2014 மே 31இல் டிராம் தொடங்கியபோது, நகரின் முதன்மைக் கடைவீதியில் டிராமும் பேருந்தும் ஒரே சாலையைப் பகிர்ந்தன. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் மையச் சதுக்கத்து மேடைகளில் டிராமும் பேருந்தும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன; ஒன்றிலிருந்து இறங்கி அதே மேடையில் மற்றொன்றில் ஏறலாம்.

பகிர்வதால் பயணிக்குக் கிடைப்பது இதுதான்: ஒரே இடத்தில் நின்றால் எது முதலில் வந்தாலும் ஏறலாம். பிரித்துவைத்தால், நடுவில் நின்று டிராமை எதிர்நோக்கும்போது ஓரத்தில் பேருந்து போய்விடும்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு வண்டி நின்று ஆளை ஏற்றி இறக்க 30 விநாடி, அது விலகி அடுத்தது வந்து நிற்க 20 விநாடி என்று கொண்டால், ஒரு மேடைமுகம் ஒரு வண்டிக்கு 50 விநாடி பிடிக்கப்படுகிறது. ஒரு மணி நேரத்தில் 72 வண்டி என்று வகுத்தல் சொல்லும். ஆனால் வண்டிகள் மணி அடித்தாற்போல் சீராக வருவதில்லை. மூன்று சேர்ந்து வரும், பிறகு ஐந்து நிமிடம் எதுவும் வராது. அதனால் அதில் சுமார் 60 விழுக்காட்டையே நம்பலாம். அதாவது 43 வண்டி. அதற்கு மேல் போனால் டிராம் தன் நிறுத்தத்துக்கு முன் பேருந்துகளின் வாலில் காத்துக்கிடக்கும். முந்திச் செல்ல அதற்கு வழியில்லை. 200 பேரை ஏற்றிய டிராம், 20 பேர் உள்ள பேருந்தின் பின்னால் நிற்பது யாருக்கும் இலாபமில்லை. இரு வண்டிகள் அடுத்தடுத்து நிற்கும்படி மேடையை நீட்டுவது, படியில் நடத்துநர் சில்லறை தேடாதபடி முன்கூட்டியே பயணச்சீட்டு கொடுப்பது, எல்லாக் கதவிலும் ஏறவிடுவது ஆகியவை நிற்கும் நேரத்தைக் குறைக்கும். 30 விநாடி 15 ஆனால் அதே மேடை 60க்கு மேற்பட்ட வண்டிகளைத் தாங்கும்.

பழுதாகி நிற்கும் பேருந்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தனித்தடத்தில் ஒரு பேருந்து நின்றுவிட்டால் அதன் பின்னால் வரும் டிராம்கள் எல்லாம் நின்றுவிடும். இழுவை வண்டி எவ்வளவு விரைவில் வரும் என்பதும் தட வடிவமைப்பின் ஒரு பகுதியே.

இந்திய நகரங்களின் பட்டறிவு

கொல்கத்தாவில் குதிரை டிராம் 1873இல் தொடங்கியது. மின்சார டிராம் 1902இல் வந்தது. அங்கே சில அகன்ற சாலைகளில் டிராமுக்கென நடுவில் தனித்தடம் இருந்தது. பின்னாளில் கார்களுக்கு இடம் வேண்டி அவை கான்கிரீட் போடப்பட்டுப் பொதுத்தடம் ஆயின. அதன்பின் டிராம் நெரிசலில் சிக்கியது, பயணி ஓடும் வாகனங்களுக்கு நடுவே இறங்க வேண்டியதாயிற்று, கூட்டம் குறைந்தது, குறைந்த கூட்டத்தைக் காட்டியே வழிகள் மூடப்பட்டன. 2024இல் மைதானப் பகுதியின் ஒரு வழியைத் தவிர மற்றவற்றை நிறுத்துவதாக மாநில அரசு அறிவித்தது. டிராம் மெதுவாகப் போகிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அதன் வழியைப் பறித்த பின் எழுந்த குற்றச்சாட்டு அது.

தில்லியில் டிராம் இல்லாமலேயே இதே பாடம் நடந்தது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குச் சாலை நடுவில் பேருந்துத் தடம் 2008இல் திறக்கப்பட்டது. நிறுத்தங்கள் சிக்னலுக்கு முன்பாக அமைந்தன. பேருந்துகள் வரிசை கட்டின. மற்ற வாகனங்கள் சிக்னலில் நெடுநேரம் காத்திருந்தன. செய்தித்தாள்களில் கார் வைத்திருந்தோரின் குரலே அதிகம் ஒலித்தது. தடத்தை எதிர்த்த மனுவை 2012இல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனினும் 2016இல் அரசே அதை இடித்தது.

அகமதாபாதில் 2009இல் தொடங்கிய 'ஜன்மார்க்' வேறு வழியில் சென்றது. நடுவில் மூடிய நிலையங்கள், உயர்ந்த மேடை, முன்கூட்டியே பயணச்சீட்டு, வலப்பக்கம் கதவுள்ள தனிப் பேருந்துகள். ஏறுவதும் இறங்குவதும் விரைவு. சக்கர நாற்காலி தடையின்றி உள்ளே போகும். ஆனால் நகரின் சாதாரணப் பேருந்து அந்த நிலையங்களில் நிற்க முடியாது. தில்லி எல்லாப் பேருந்துகளையும் உள்ளே விட்டு நெரிசலைப் பெற்றது. அகமதாபாத் சிலவற்றை மட்டும் விட்டு ஒழுங்கைப் பெற்றது. சென்னையில் பேருந்து விரைவு வழி பலமுறை பேசப்பட்டும் இதுவரை ஒரு கிலோமீட்டரும் அமையவில்லை.

திருவான்மியூரில் பொருத்திப் பார்த்தால்

அடையாறு சிக்னலிலிருந்து எல்.பி. சாலை எனப்படும் லாட்டிஸ் பிரிட்ஜ் சாலை வழியாகத் தெற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வந்தால் ஜெயந்தி திரையரங்கச் சந்திப்பு. திரையரங்கம் போனாலும் பெயர் போகவில்லை. அதற்குத் தெற்கே மருந்தீசுவரர் கோயில், பேருந்து நிலையம், கிழக்குக் கடற்கரைச் சாலையின் தொடக்கம். மேற்கே சுமார் ஒரு கிலோமீட்டரில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, டைடல் பூங்காவுக்கு அருகில், 2004 ஜனவரி 26 முதல் இயங்கும் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சிப்காட் வழித்தடமும் அடையாறு, திருவான்மியூர், தரமணி வழியாகச் செல்கிறது. அதன் பணிகள் நடைபெறுகின்றன.

தொலைதூரப் பயணத்தை ரயில்கள் பார்த்துக்கொள்ளும் என்று வைத்தாலும், கோயில் பக்கத்திலிருந்து ரயில் நிலையத்துக்குச் செல்லும் அந்த ஒரு கிலோமீட்டர்தான் முதியவருக்குச் சுமை. டிராமின் இயல்பான வேலை இத்தகைய இடைவெளிகளை இணைப்பது. எல்.பி. சாலையில் இன்று பேருந்து நிற்கும் முறையைப் பார்த்தால், டிராம் வருவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டியவை தெரியும். நிழற்குடை நடைபாதையில் இருக்கும்; அதன் முன்னே இருசக்கர வண்டிகள் நிற்கும்; பயணிகள் அவற்றைத் தாண்டிச் சாலையில் இறங்கி நிற்பார்கள்; அவர்களை விலக்கிக்கொண்டு பேருந்து இரண்டாம் தடத்தில் நிற்கும். மேலே கண்ட 'மூன்றுக்கு ஒன்று' சரிவு இங்கேதான் பிறக்கிறது.

இதற்கு நெடுஞ்சாலைத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் மருந்து, நடைபாதையைக் குடைந்து பேருந்துக்கு ஒதுக்கிடம் அமைப்பது. ஒதுங்கி நின்ற பேருந்து மீண்டும் நெரிசலுக்குள் நுழைய யாரும் வழிவிடுவதில்லை என்பதால், ஓட்டுநர்கள் அதற்குள் போவதே இல்லை. விரைவில் அது ஆட்டோ நிலையமாகிறது. எதிர்முறையே பயன் தரும்: நிறுத்தம் உள்ள இடத்தில் நடைபாதையைச் சாலைக்குள் இரண்டரை மீட்டர் நீட்டிவிடுவது. பேருந்து விலகாமல் நேராக வந்து மேடையை ஒட்டி நிற்கும். அங்கே வண்டி நிறுத்த இடமிராது. நடப்பவருக்கும் வழி குறுகாது. 2019இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை அகலப்படுத்தப்பட்ட பிறகு, சாலையைக் குறைத்தால் வணிகம் அழியும் என்ற அச்சத்தைச் சென்னை ஓரளவு கடந்திருக்கிறது. நீட்டிய நடைபாதை நிறுத்தத்தில் நாளை தண்டவாளம் பதித்தாலும் மேடையை இடிக்க வேண்டியதில்லை.

மழை, தேர், இருசக்கர வண்டி

ஐரோப்பிய நூல்களில் இல்லாத மூன்று செய்திகள் இங்கே உண்டு.

முதலாவது வடகிழக்குப் பருவமழை. டிராம் தண்டவாளத்தின் தலையில் சக்கர விளிம்பு ஓட ஒரு பள்ளம் இருக்கும். மழைநீரும் மணலும் அதில் தங்கும். கடற்கரைப் பகுதியான திருவான்மியூரில் மணலுக்குக் குறைவில்லை. பள்ளத்திலிருந்து வடிகாலுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் வழி விட வேண்டும். சாலை நடுவே கட்டும் நீண்ட மேடை, நீர் ஓரத்துக்கு ஓடும் சரிவை மறிக்கும் அணையாகும். மேடைக்கு அடியில் குழாய் விடாவிட்டால் காத்திருப்பவர் கணுக்கால் நீரில் நிற்பார்.

அடுத்தது தேர். மயிலாப்பூரிலும் திருவான்மியூரிலும் பங்குனிப் பெருவிழாவில் தேரோட்டம் உண்டு. டிராம் கம்பி சாலைக்கு மேல் ஐந்தரை மீட்டர் அளவில் செல்லும். அலங்கரித்த தேர் அதைவிட உயரம். தேரோடும் வீதியைக் கம்பி கடக்கும் இடத்தில் கழற்றி மாட்டும் அமைப்பு வேண்டும்; அல்லது அந்தத் துண்டில் கம்பியே இல்லாமல் மின்கலத்தால் ஓட்ட வேண்டும். பிரான்சின் போர்தோ நகரம் பழைய கட்டடங்களின் அழகு கெடாதிருக்க, 2003இல் தரையில் பதித்த மின்பாதையால் கம்பியில்லா டிராமை ஓட்டியது. டிராம் மேலே நிற்கும் துண்டுக்கு மட்டுமே அதில் மின்சாரம் பாயும். ஆனால் தரைக்குள் மின்சாரம் என்றதும் 1895ஆம் ஆண்டுச் சென்னையின் குழாய்வழி நினைவுக்கு வர வேண்டும். இங்கே மின்கலமே பொருத்தம்.

மூன்றாவது இருசக்கர வண்டி. தண்டவாளப் பள்ளத்தில் மிதிவண்டியின் சக்கரம் நுழைந்துவிடும். மோட்டார் சைக்கிளின் டயர் நனைந்த இரும்பில் வழுக்கும். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடந்தால் ஆபத்து குறைவு. சாய்வாகக் கடந்தால் விழ வாய்ப்பு அதிகம். ஆகவே நிறுத்தத்தருகே ஓரத்தடத்தை வளைத்து, இருசக்கர வண்டிகள் தண்டவாளத்தை நேர்கோணத்தில் கடக்கும்படி செய்வார்கள். ஓர மேடைகளில் மிதிவண்டிக்கு மேடையின் பின்புறம் வழி விடப்படும். டிராம் நடுவில் இருந்தால், நடுத்தடத்தைக் கடந்து வலப்பக்கம் திரும்பும் வாகனங்களைத் தனிச் சிக்னலால் நிறுத்தியே விடவேண்டும். டிராம் விபத்துகளில் கணிசமானவை இந்தத் திருப்பத்தில்தான் நடக்கின்றன. ஓட்டுநர் எதிரே வரும் வாகனத்தைப் பார்ப்பார், பின்னாலிருந்து இணையாக வரும் டிராமைப் பார்க்க மாட்டார். வலப்பக்கத் திருப்பத்தை முழுவதும் தடைசெய்து, அடுத்த சந்திப்பில் சுற்றி வரச் செய்யும் நகரங்களும் உண்டு. ஜெயந்தி சந்திப்பு போல நான்கு பக்கமும் வண்டி திரும்பும் இடத்தில், டிராமோ பேருந்துத் தடமோ வரைவதற்கு முன் முதலில் எண்ண வேண்டியவை இந்தத் திரும்பும் வண்டிகளே.